இரண்டு கட்டை இறக்கி

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் அந்தப் பாடகரின் பாட்டு ஒன்றைப் போட்டுவிடுகிறீர்கள். எல்லாமே அவர் கொடிகட்டிப் பறந்த காலத்துப் பாட்டுகள். கொஞ்ச நேரத்தில் கும்பிடுகிற கைகளும் அழுகிற முகங்களும் வரிசையாக வந்துவிடும். போன வாரம் நான் அவர் கடைசிப் பத்தாண்டில் பாடிய ஒன்றைப் போட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. பின்னேரம் ஒருவர் மட்டும், "குரல் போனாப் பிறகு பாடினது. இதை என்னத்துக்குப் போடுறியள்?" என்று கேட்டிருந்தார். கேட்டவர் யார் என்று இங்கே சொல்லமாட்டேன். அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, ஆனாலும் நடந்துகொண்டுதானே இருக்கிறார்.

அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நாமெல்லாம் ஸ்டுட்கார்ட்டின் அதே மேட்டில், அதே சாம்பல்நிறக் கட்டடங்களில் வளர்ந்தவர்கள். மாடிப்படி கழுவுகிற முறை வந்தால் கதவுக் கைப்பிடியில் மாட்டப்படும் பலகையைக் கண்டு பயந்தவர்கள். என் அம்மாவையும் அப்பாவையும் உங்களுக்குத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் வீட்டைப் பற்றி உங்கள் வீடுகளில் என்ன கதைத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். நடந்தது அதுவல்ல.

அம்மா பாடுவார் என்பது நினைவிருக்கும். தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நாம் சரஸ்வதி பூசை செய்த காலம். படத்தை வைத்து, பூவை வைத்து, கடைசியில் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு கச்சேரி. அப்பா ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டே அந்தப் பாடகரின் பழைய கசெற்றைப் போடுவார். பாடகரோடு சேர்ந்து அப்பா முணுமுணுப்பார். உச்சத்துக்குப் போகிற வரி வந்ததும் அப்பா நிறுத்திவிட்டுக் கத்தியைத் தூக்கி அம்மாவைக் காட்டுவார். அம்மா அடுப்படியில் நின்றபடியே அந்த வரியை எடுத்துக்கொண்டு மேலே போவார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். ஒருமுறை அப்படி ஆட்டியதில் விரலையும் வெட்டிக்கொண்டார்.

அந்த வருடக் கோடையில் அம்மாவுக்குக் கழுத்தில் கழலை வந்தது. வெட்டி எடுக்கவேண்டும் என்றார்கள். வெட்டுவதற்கு முதல் நாள் பெரிய வைத்தியர் விளக்கம் சொல்லக் கூப்பிட்டபோது அப்பா வேலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனார். உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவுக்குத்தான் நம் கட்டடத்துத் தமிழர்களில் கூடுதலாக ஜெர்மன் தெரியும் என்று பெயர். வைத்தியர் தாளில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு படம் கீறி, அதற்குப் பின்னால் நூல் மாதிரி ஒரு கோடு இழுத்து நிறையச் சொன்னாராம். அப்பா ஒவ்வொன்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு அம்மா பக்கம் திரும்பி, "சின்ன விசயமாம். பயப்பிடாதையும், கையெழுத்தை வையும்" என்றாராம். அம்மா வைத்தார். இதை எனக்கு அம்மா வெகுகாலத்துக்குப் பிறகு சொன்னார்.

அம்மா வீட்டுக்கு வந்தபோது கழுத்தைச் சுற்றி நீலத்தில் ஒரு சால்வை. வாய் அசைந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை. எங்களைக் கூப்பிட வேண்டுமானால் கையைத் தட்டினார். சில வாரங்களில் ஒரு கரகரப்பு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. "அது குழாய் விட்டதாலை வந்த புண். குளிர் போகச் சரிவரும்" என்றார் அப்பா. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். அம்மா பக்கத்தில் இருந்து தலையாட்டினார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அப்பா பழைய கசெற்றைப் போட்டால் அம்மா எழுந்து குளியலறைக்குப் போய்த் துணி கழுவத் தொடங்கினார். கழுவின துணியையே திரும்பக் கழுவினார். அதை முதலில் கவனித்தது நான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏதோ என்னிடமிருந்து ஒளிக்கப்படுகிறது என்று நினைத்தேன்.

பிறகு வீட்டில் புதுக் கசெற்றுகள் காணப்பட்டன.

புதிது என்றால் நமக்குப் புதிது. அதே பாடகர்தான். அட்டைப்படத்தில் சாயம் பூசிய தலையும் கறுப்புக் கண்ணாடியுமாக, யாரோ கட்டாயப்படுத்தி நிறுத்தின மாதிரி நின்றார். கேட்டிராத கம்பனிகள், ஓடாத படங்கள், யாரும் போகாத கோயில்களுக்குப் பாடின பக்திப்பாட்டுகள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தமிழ்க்கடையில், அரிசி மூட்டைகளுக்குக் கீழே ஒரு பெட்டியில் அவை கிடந்தன. நாம் பழஞ்சோறு மாதிரித் தாண்டிப் போன பெட்டி. அம்மா அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். கடைக்கார அண்ணை காசு வாங்கவில்லை. விற்காத சாமான், கொண்டுபோங்கோ என்று விட்டுவிட்டார்.

அம்மா இஸ்திரி போடும்போது அவற்றைக் கேட்டார். கேட்ட விதம்தான் விசித்திரம். ஒரு பாட்டை முழுதாகக் கேட்கமாட்டார். ஒரு வரி வரும். நிறுத்துவார். பின்னால் ஓட்டுவார். அதே வரி. மறுபடியும் அதே வரி. இஸ்திரிப்பெட்டி துணியில் நின்று மணக்கத் தொடங்கியதும்தான் நினைவு வரும்.

"கிழவன் மூச்சு வாங்கிறதை என்னத்துக்குக் கேக்கிறீர்?" என்றார் அப்பா. அம்மா, "சும்மா" என்றார். அந்தச் "சும்மா" அப்பாவுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்தப் பாட்டுகளை இன்றைக்குக் கேட்கிற எனக்கு, அம்மா எந்த இடத்தில் நிறுத்தினார் என்பது தெரியும். பழைய பாட்டுகளில் அந்தப் பாடகர் மேலே போகிறபோது நாம் அண்ணாந்து பார்க்கிறோம். அந்தக் குரலுக்கு நம் பக்கம் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. கடைசிக் காலத்தில் அவரால் அங்கே போக முடியவில்லை. மேலே போக வேண்டிய இடம் வருகிறது. வயலின் ஒன்றை, இல்லாவிட்டால் மலிவான மின் ஓகன் வாத்தியம் ஒன்றை மேலே அனுப்பிவிடுகிறார். தான் கீழே நின்று சொல்லைச் சொல்கிறார். நீட்ட முடியாத இடத்தில் ஒரு மாத்திரை தாமதித்து வருகிறார். அந்தத் தாமதத்தில் நாம் காத்திருக்கிறோம், காத்திருந்ததால் அவர் வந்ததும் நிறைந்துவிடுகிறது. மூச்சு எடுப்பது கேட்கிறது. அதை மறைக்காமல் சொல்லுக்கு முன்னால் ஒரு பெருமூச்சாக வைத்துவிடுகிறார். பக்கத்துக் கதிரையில் இருந்து ஒருவர் நம்மிடம் கதைக்கிற மாதிரி இருக்கிறது. குரல் போனபின் பாடினது என்கிறீர்கள். சரி. குரல் இருந்தபோது இந்த வேலைகள் அவருக்குத் தேவைப்படவில்லை என்றுதான் நான் சொல்லுவேன்.

இதெல்லாம் இப்போது. அப்போது என் காதில் விழுந்தது, வீட்டுக்குள் யாரோ ஒரு வயதான ஆண் அம்மாவோடு இரகசியம் பேசுகிற சத்தம்.

சந்தேகத்துக்கு வாய் வைத்தவர் மாமி, அப்பாவின் தங்கை. சனிக்கிழமைகளில் வருவார். கெட்ட மனுசி இல்லை, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்களுக்குச் சமைத்துப்போட்டவர். ஆனால் ஒரு வீட்டில் எது இடம்மாறி இருக்கிறது என்பதை வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். கசெற்றுகளைக் கண்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அம்மா பால் வாங்கக் கீழே போன நேரம் பார்த்து அப்பாவிடம் சொன்னார்.

"கடைக்காரன் சும்மா குடுத்தவனாம். அண்ணை, ஒரு கொத்துக் கறிவேப்பிலை சும்மா தராதவன் அவன்."

"விடு, அவன் விக்காததைக் குடுத்திருப்பான்."

"ஓம், விக்காததைத்தான். உங்கட வீட்டுக்கு மட்டும் குடுக்கிறான். எங்களுக்கும் தந்தவனோ?"

அடுத்த கிழமையிலிருந்து அப்பா அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினார். இரண்டு ட்ராம் மாறி வேறொரு கடைக்குப் போய் அரிசி தூக்கி வந்தோம். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. கேட்காதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

மாமி அடுத்ததாகப் புதன்கிழமையைக் கண்டுபிடித்தார். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு புதன்கிழமைப் பின்னேரமும் வேலை தந்திருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். அதே இடத்தில் வேலை செய்த ஒருத்தி மாமியோடு கதைத்தபோது, புதன்கிழமை அங்கே சலவையே இல்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மாமி அன்றைக்கே ஓடி வந்தார். இந்த முறை கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார்கள். அப்பா வெளியே வந்தபோது முகம் கழுவின மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஒரு வேலையை இயல்பாகச் செய்யவில்லை. அம்மா புதன்கிழமை வீட்டுக்கு வந்தால் அப்பா எழுந்து போய் மேலங்கியை வாங்கி மாட்டுவார். அதுவரை மாட்டாதவர். மாட்டும்போது முகர்ந்து பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா படியில் அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ குசுகுசுத்துவிட்டுப் போனால், அப்பா என்னைக் கூப்பிட்டு, "மனுசி என்ன சொன்னவ?" என்பார். "டெர்மினை மறக்காதை எண்டு சொன்னவ" என்றேன் ஒருநாள். என்ன டெர்மின், யாரோடு சந்திப்பு? அப்பா அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. நானும் உளவுக்காரி மாதிரி அம்மாவின் கைப்பையைப் பார்த்தேன், சப்பாத்தின் சேற்றைப் பார்த்தேன். அந்த வயதில் பயத்தோடு ஒரு சுவையும் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமைப் பகல் அம்மா வேலைக்குப் போயிருந்தார். அப்பா அந்தக் கசெற்றுகளை மேசையில் அடுக்கிவைத்து ஒவ்வொன்றாகப் போட்டார். பாட்டுக் கேட்க அல்ல. பாட்டுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்க. அவர் தலையை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்திருந்தார். நான் எதிரே இருந்தேன். நாலாவதோ ஐந்தாவதோ கசெற்றில், ஒரு பக்கத்துப் பாட்டுகள் முடிந்து நாடா வெறுமனே இரைந்துகொண்டு போனது. அப்பா நிறுத்தக் கையை நீட்டினார். அப்போது ஒரு ஆண்குரல் கேட்டது. ஜெர்மன் குரல். இளம் குரல்.

அப்பா கையை எடுத்துவிட்டார்.

அந்தக் குரல் மெதுவாக ஒன்றைச் சொன்னது. பிறகு அம்மாவின் குரல், சொல் இல்லாமல், "ம்ம்ம்" என்று. திரும்ப அந்த ஆண். திரும்ப அம்மா, இன்னும் நீளமாக. பிறகு இருவரும் சிரித்தார்கள். அம்மா சிரித்து நாங்கள் கேட்டு மாதங்களாகியிருந்தன.

"என்ன சொல்லுறான்?" என்றார் அப்பா. அவருக்கு விளங்கவில்லையா, விளங்கினதை நம்ப முடியவில்லையா, தெரியாது.

"இன்னொருக்கா எண்டு சொல்லுறார்."

"பிறகு?"

"மெதுவா. வடிவா இருக்கு. பயப்பிடாதைங்கோ எண்டு."

அப்பா கசெற்றை எடுத்து உறையில் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். நாலைந்து தரம் வைத்துப் பார்த்தார், முன்பு இருந்த மாதிரி இருக்கிறதா என்று. பிறகு பல்கனிக்குப் போய் அம்மா காயப்போட்டிருந்த துணிகளை மடித்துக்கொண்டு வந்தார். அப்பா துணி மடித்து நான் பார்த்ததில்லை. சட்டைகளின் கைகள் எல்லாம் வெளியே தொங்கின.

அடுத்த புதன் அப்பா வேலைக்குப் போகவில்லை. நான் பள்ளிவிட்டு வரும்போது ட்ராம் தரிப்பிடத்தில் நின்றார். "வா, அம்மாவைப் பாத்திட்டு வருவம்" என்றார். என்னை ஏன் கூட்டிப்போனார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஜெர்மன் கதைக்க ஆள் வேண்டும் என்றா? தன்னைத்தான் நம்பாமலா? பிள்ளை பக்கத்தில் நின்றால் கையை ஓங்கமாட்டோம் என்று நினைத்திருக்கலாம். கேட்காமல் விட்டுவிட்டேன்.

அம்மா வந்து ட்ராமில் முன்கதவால் ஏறினார். நாங்கள் பின்கதவால் ஏறி, சைக்கிளோடு நின்ற ஒருவருக்குப் பின்னால் ஒளிந்தோம். மேட்டிலிருந்து ட்ராம் வளைந்து இறங்கும்போது நகரம் முழுவதும் கிண்ணத்துக்குள் கொட்டின மாதிரித் தெரியுமே, அந்த வளைவு. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ட்ராம் சுரங்கத்துக்குள் போய்விட்டது. நகரத்தில் இறங்கினார். ஒரு பேக்கரியில் பிரெட்சல் வாங்கி, நடந்துகொண்டே தின்றார். "வெளியிலை வாயே வைக்காத மனுசி" என்றார் அப்பா. பிரெட்சல்தான் அவருக்குப் பெரிய துரோகமாகப் பட்ட மாதிரி.

ஒரு பழைய கட்டடம். வாசலில் பல் வைத்தியர், வக்கீல், இன்னும் சில பித்தளைப் பலகைகள். அம்மா மணியை அடித்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் எதிர்ப்பக்கத்தில் நின்றோம். அப்பாவின் கை என் கையைப் பிடித்திருந்தது. யாரோ ஒரு பெண் குழந்தையோடு வெளியே வந்தபோது கதவு சாத்த முன்னால் அப்பா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது மாடியில் கதவு திறந்திருந்தது. சின்னக் கதிரைகளும் மரக்கட்டைப் பொம்மைகளும் கிடந்த ஒரு அறை. அதற்கப்பால் கண்ணாடி வைத்த கதவு. உள்ளே அந்தப் பாடகர் பாடிக்கொண்டிருந்தார். ஸ்டுட்கார்ட் நடுவில், ஒரு ஜெர்மன் கட்டடத்துக்குள், நம்முடைய பாட்டு. அப்பா கண்ணாடியால் பார்த்தார். நான் எக்கிப் பார்த்தேன்.

அம்மா நீலச் சால்வையைக் கழற்றிவைத்திருந்தார். எங்களுக்கு முன்னால்கூடக் கழற்றாத சால்வை. தாடி வைத்த ஒரு இளைஞர் அம்மாவுக்கு எதிரே மிக நெருக்கமாக இருந்தார். அவருடைய கை அம்மாவின் கழுத்தில், தழும்புக்கு மேலே இருந்தது. அம்மாவின் கை அவருடைய கழுத்தில் இருந்தது. இருவரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

அப்பா கதவைத் திறந்தார்.

நான் சத்தம் வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். வரவில்லை. அப்பா வாயைத் திறந்தார், அவருக்கும் காற்று மட்டும்தான் வந்தது. அம்மா கண்ணைத் திறந்து பார்த்தார். கையை அவசரப்பட்டு எடுக்கவில்லை. மெதுவாக எடுத்தார். அந்த இளைஞர்தான் எழுந்து, முகம் மலர்ந்து, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒருவழியாக வந்தீர்களே! நான் உங்கள் மனைவியிடம் ஒவ்வொரு முறையும் சொல்லுவேன், கணவரையும் கூட்டி வாருங்கள் என்று" என்றார் ஜெர்மனில். பிறகு என்னைக் கண்டு, "நீ சொல்லு, அப்பாவுக்கு" என்றார்.

நான் சொன்னேன். அவர் குரல் போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பியிருக்கிறார்கள். கீழ்வீட்டு ஜெர்மன் அம்மாதான் நாள் எடுத்துக்கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு ஜெர்மன் குறைவு, அதனால் கழுத்தைத் தொட்டுத் தொட்டுத்தான் காட்டவேண்டியிருக்கிறது, எங்கே அதிர்கிறது, எங்கே இல்லை என்று. நான் சொல்லச் சொல்ல அப்பாவின் தோள் இறங்கிக்கொண்டு வந்தது. பிறகு அந்த இளைஞர், "கழலையை எடுக்கும்போது குரல்நாணுக்குப் போகிற நரம்பில் ஒன்று அடிபட்டுவிட்டது. ஒரு பக்கம் அசையாது" என்றார். அதையும் சொன்னேன்.

அடுத்ததாக அவர் சாதாரணமாக, நல்ல மனதோடுதான் சொன்னார். "இந்த ஆபத்தைப் பற்றி வைத்தியர் முதலே சொல்லியிருப்பார். நீங்கள்தானே அன்றைக்கு மொழிபெயர்த்தது. உங்கள் மனைவி சொன்னார்."

நான் வாயைத் திறக்க முன்னால் அம்மா குறுக்கிட்டார். அந்தக் கரகரத்த குரலில், என்னைப் பார்த்து, தமிழில்.

"அதைச் சொல்லாதை பிள்ளை. அதை விடு."

நான் விட்டேன். ஆனால் மொழிபெயர்ப்பது என்ற ஜெர்மன் சொல் அப்பாவுக்குத் தெரியும். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நம்மிடம் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார். அப்பா அங்கே கிடந்த குழந்தைகளுடைய சின்னக் கதிரையில் இருந்தார். முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

"குரல் திரும்பி வருமோ எண்டு கேள்" என்றார் என்னிடம்.

பழைய குரல் வராது, ஆனால் பாடலாம் என்றார் அந்த இளைஞர். அதற்காகத்தான் பிடித்த பாட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அம்மா முதலில் கொண்டுவந்தது பழைய பாட்டு. அதோடு முட்டி முட்டி அழுதிருக்கிறார். பிறகு ஒருநாள் இந்தக் கசெற்றைக் கொண்டுவந்தாராம். "தகப்பனும் மகனும் என்று நினைத்தேன், ஒரே ஆள் என்றார்" என்று சிரித்தார் அவர். வீட்டில் பழகுவதற்காகப் பாட்டு முடிந்த நாடாவில் பயிற்சியைப் பதிந்து கொடுத்ததும் தான்தான் என்றார். பாட்டைத் திரும்ப ஓடவிட்டு, அந்த இடம் வந்ததும் விரலை உயர்த்தினார். "இங்கே கேளுங்கள். இவரால் மேலே போக முடியாது. அதை எவ்வளவு நன்றாக மறைக்கிறார்."

அந்தக் கிழவன் மூச்சு வாங்குவதை அப்பா அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தலையை ஆட்டாமல், கண்ணை மூடாமல் கேட்டார்.

வீட்டுக்குப் போகும்போது ட்ராமில் அம்மா ஜன்னலோரம் இருந்தார், அப்பா எதிரே இருந்தார், பக்கத்தில் இடம் இருந்தும். நம்முடைய தரிப்பிடத்தில் நாங்கள் இறங்கியதை உங்களில் ஒருவருடைய அம்மா கண்டிருக்கிறார். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மனுசன் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டு வருகிறான் என்று அன்று மாலையே கட்டடம் முழுவதும் பரப்பிவிட்டார். உங்கள் வீடுகளுக்கு வந்த கதை அதுதான்.

அப்பா அதை மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் மற்றதையும் சொல்லவேண்டும். மாமியிடம் மட்டும், "அவ டொக்டரிட்டைப் போறவ. இனி அதைப் பற்றி இந்த வீட்டிலை கதைக்கக் கூடாது" என்றார். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியாது. என் காதில் விழவில்லை. அதற்குப் பிறகு ஜெர்மனில் எந்தத் தாள் வந்தாலும் என்னை வாசிக்கச் சொல்லி, பிறகு கீழ்வீட்டு அம்மாவிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லி, அதற்கும் பிறகு நாள்கணக்கில் மேசையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். கட்டடத்தில் யாராவது மொழிபெயர்க்கக் கூப்பிட்டால், "எனக்கு ஏலாது, ஆளைப் பிழையாக் கேக்கிறியள்" என்று கதவிலேயே அனுப்பிவிடுவார். பெருமை வந்துவிட்டது என்று உங்கள் அப்பாமார் கோபித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பழைய கசெற்றும் நின்றுபோனது. அம்மா போடச் சொல்லிக் கேட்டும் அவர் போடவில்லை.

கடைக்கார அண்ணையிடம் ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாதக்கணக்காக வராத ஆள் வந்து நின்று, "அந்தப் பாடகரின்ரை கடைசிக்காலப் பாட்டுகள் இன்னும் இருக்கோ?" என்று கேட்டால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இல்லை அண்ணை, முடிஞ்சுது" என்றார். அரிசி மூட்டைக்குக் கீழே பெட்டி தெரிந்தது. அப்பாவும் பார்த்தார். வெறும் மிளகாய்த்தூளை வாங்கிக்கொண்டு வந்தோம்.

அந்த மாரியில் பொங்கல் விழாவுக்கு அம்மா பாடுவதாகச் சொன்னார். நீங்கள் அன்றைக்கு மண்டபத்தில் இருந்தீர்கள், ஆனால் பின்னால் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தீர்கள். ஆர்மோனியம் வாசித்த மாமா பழக்கத்தில் அம்மாவின் பழைய சுருதியைப் பிடித்தார். அம்மா கையால் வேண்டாம் என்றார். மாமா ஒரு கட்டை இறக்கினார். "இன்னும் கீழை" என்றார் அம்மா. மண்டபத்தில் ஒரு சலசலப்பு. மாமா இன்னொரு கட்டை இறக்கிவிட்டு, சரியா என்பது போல் பார்த்தார்.

அந்தக் கசெற்றில் இருந்த பாட்டைத்தான் பாடினார். சால்வை இல்லை. தழும்பு தெரிந்தது. மேலே போக வேண்டிய இடம் வந்தது. ஆர்மோனியத்தை மேலே போகவிட்டு, அம்மா நின்றார். பிறகு கீழே இருந்து, கொஞ்சம் பிந்தி, அந்தச் சொல் வந்தது.

மாமி அப்பாவின் காதுக்குள், "பாவம், குரல் போயிட்டுது" என்றார். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார்.

"போகேல்லை" என்றார் அப்பா. "இறங்கியிருக்கு. பேசாமல் கேள்."

கை தட்டினார்கள். மரியாதைக்குத் தட்டின தட்டு. முன்பு மாதிரி யாரும் இன்னொன்று பாடச் சொல்லிக் கேட்கவில்லை. அம்மா அதைப் பெரிதாக எடுத்த மாதிரித் தெரியவில்லை. இறங்கி வந்து, வடை முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

அப்பா போன வருடம் தவறிப்போனது உங்களுக்குத் தெரியும், வந்திருந்தீர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சொந்தங்கள் எல்லாம் போன பிறகு நானும் அம்மாவும் அடுப்படியில் இருந்தோம். அம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏனோ கேட்கவேண்டும் போல இருந்தது.

"அண்டைக்கு நாங்கள் பின்னாலை வந்தது உங்களுக்குத் தெரியுமோ, அம்மா?"

"சுரங்கத்துக்குள்ளை போகேக்கை கண்ணாடி இருண்டதல்லே. அதிலை கண்டனான். சைக்கிள்காரனுக்குப் பின்னாலை கொப்பர், அவருக்குப் பின்னாலை நீ."

"கண்டிட்டு ஏன் பேசாமல் போனனீங்கள்?"

"எத்தினை நாளா என்ரை மேலங்கியை மணந்து பாத்த மனுசன். நான் வாயாலை சொன்னா நம்பியிருப்பாரோ? வரட்டும், வந்து கண்ணாலை பாக்கட்டும் எண்டு விட்டன். எனக்கும் கோவம்தானே. அதுதான் ஆறுதலா பிரெட்சலும் வாங்கித் திண்டனான்."

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப ஏன் அந்த ஒண்டை மட்டும் சொல்லாதை எண்டனீங்கள்?"

அம்மா கையில் இருந்த பயற்றங்காயை முறிக்காமல் வைத்திருந்தார். அந்தக் கீழ்க்குரல் வயதோடு இன்னும் இறங்கியிருந்தது. இப்போது அது அம்மாவின் குரல் மட்டும்தான். மற்றது எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

"நான் கள்ளி இல்லை எண்டு அவருக்குத் தெரிய வேணும். டொக்டர் சொன்னதைத் தான் பிழையாச் சொன்னது அவருக்குத் தெரியவே கூடாது. அதுக்குத்தான் புதன்கிழமையையும் ஒளிச்சனான்" என்றார். "இரண்டும் ஒரே அறைக்குள்ளைதான் இருக்குதெண்டு, கதவைத் திறக்கிற வரைக்கும் நான் யோசிக்கேல்லைப் பிள்ளை."